பூட்டிய கதவுக்குள் ஒரு புள்ளி

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரிய எண்களையே நாடிச் செல்வர். நாம் இங்கே எண்ணிப் பார்க்க விரும்புவது மிகச் சிறியதோர் எண்ணை. 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவியரும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவியரும் கூடைப்பந்து ஆடினர். ஸ்டான்ஃபோர்டு இரண்டு புள்ளிகள். பெர்க்லி ஒரு புள்ளி. இரு கல்விக்கூடங்களின் மகளிர் அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற முதல் கூடைப்பந்தாட்டம் என்று வரலாறு குறிப்பது இதனையே.

ஒரே ஒரு புள்ளி! அன்று பந்து சற்றே விலகியிருந்தால் வென்றவர் தோற்றிருப்பர்; தோற்றவர் வென்றிருப்பர். ஆயினும் அந்த ஒரு புள்ளிக்காக மட்டும் நாம் இவ்வாட்டத்தை நினைவுகூரவில்லை. அந்தப் புள்ளி எடுக்கப்பட்ட கூடத்தின் கதவுகள் ஆண்களுக்குப் பூட்டப்பட்டிருந்தன. பூட்டுக்குப் பேர்பெற்ற திண்டுக்கல்லில் வாழும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஒரே பூட்டு உள்ளே இருப்பவரைக் காக்கவும் செய்யும். அவரை வெளியே விடாமல் அடைக்கவும் செய்யும். அன்றைய பூட்டு இவற்றுள் எதனைச் செய்தது என்பதே நமது கேள்வி.

ஆட்டம் பிறந்த கதை

கூடைப்பந்து பிறந்தது 1891ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராயிருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். பனிக்காலத்தில் திடலுக்குச் செல்ல இயலாமல் சலிப்புற்றிருந்த மாணவர்க்குக் கூரையின் கீழ் ஆடத்தக்க ஓர் ஆட்டம் தேவைப்பட்டது. அவர் பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் அறைந்தார். பதின்மூன்று விதிகளை எழுதினார். பக்கத்திற்கு ஒன்பது பேராக ஆடவிட்டார். அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. ஆகவே சிறிய எண்கள் இவ்வாட்டத்தின் பிறவிக் குணம் என்றே சொல்லலாம்.

அடுத்த ஆண்டிலேயே இவ்வாட்டம் மகளிரிடம் சென்றது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அண்மையில் உள்ள நார்த்தாம்ப்டனில், ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்பயிற்சி ஆசிரியையாயிருந்தவர் செண்டா பெரன்சன். லித்துவேனியாவில் பிறந்து, சிறுமியாகவே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இளமையில் உடல்நலிவால் வருந்தியவர்; உடற்பயிற்சியால் நலம் பெற்றவர். அந்த நலத்தைப் பிறருக்கும் வழங்க விரும்பிய அவர், புதிய ஆட்டத்தைப் பற்றிப் படித்தறிந்து தம் மாணவியர்க்குக் கற்பித்தார்.

1893ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் அக்கல்லூரியின் முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் மோதினர். கூடம் நிறைய மாணவியர். ஆண்களுக்கு அனுமதி இல்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கப் பெரன்சன் பந்தை மேலே எறிந்தபோது, அவருடைய கை முதலாண்டு அணித்தலைவியின் உயர்த்திய கையில் மோதிற்று. அம்மாணவியின் தோள்மூட்டு விலகிவிட்டது. ஆயினும் ஆட்டம் நிற்கவில்லை. வேறொருத்தி அவள் இடத்தில் நின்றாள். முடிவில் இரண்டாமாண்டு மாணவியர் ஐந்துக்கு நான்கு என்று வென்றனர். இங்கும் ஒரே புள்ளிதான்.

சான் பிரான்சிஸ்கோவில்

ஸ்மித் கல்லூரியில் நடந்தது ஒரு வீட்டுக்குள் நடந்த போட்டியைப் போன்றது. இரு கல்விக்கூடங்கள் ஊரறிய மோதுவது வேறு. ஆகவேதான் சான் பிரான்சிஸ்கோ ஆட்டம் பெரும் பரபரப்பை எழுப்பியது. ஆண்கள் பார்க்க நேர்ந்தால் ஆடமாட்டோம் என்றனர் பெர்க்லி மாணவியர். ஆட்டத்திற்காக அவர்கள் அணிந்த அகன்ற காற்சட்டை, அந்நாளில் கண்ணியமான பெண்டிர் பொதுவில் அணியத் தக்க உடையன்று. எனவே படைக்கலக் கூடம் என்னும் பெயருடைய மண்டபத்தில், பெண்களை மட்டுமே அனுமதிப்பது என முடிவாயிற்று. ஏறத்தாழ எழுநூறு பெண்டிர் கூடினர் என்பர். ஆண் செய்தியாளர் நுழைய இயலாமையால் செய்தித்தாள்கள் பெண் செய்தியாளரை அனுப்பின.

வெளியே நின்ற ஆடவர் சும்மா இருந்தனரா? சன்னல்களில் ஏறி எட்டிப் பார்த்தனர். கூரை மீதும் சிலர் தொற்றினர். உள்ளே இருந்த பெண்கள் கோல்களால் அவர்களைத் துரத்தினராம். கூடையொன்று பழுதுபட்டு, அதனைச் செப்பனிட ஆட்கள் இருவர் உள்ளே வந்தபோது, பெர்க்லி அணியினர் கூச்சலிட்டு மூலைக்கு ஓடி ஒதுங்கினர் என்றும் செய்தி உண்டு. இன்று படிக்கும் நமக்கு நகைப்பே வரும். ஆனால் நகைத்துவிட்டுப் போய்விடலாகாது. தம் உடலைப் பிறர் எப்படிப் பார்ப்பரோ என்ற அச்சத்தைச் சுமந்துகொண்டே, அந்த ஒன்பது பெண்களும் பந்துக்காகப் பாய்ந்தனர். பக்கத்திற்கு ஒன்பது பேர், மொத்தம் பதினெண்மர், நாற்பது நிமிடம் போராடிப் பெற்றவை மூன்றே புள்ளிகள். அந்த மூன்றில் ஒவ்வொன்றும் எத்துணை அரிதாய்க் கிடைத்திருக்க வேண்டும்!

வெற்றிக்குக் கிடைத்த பரிசு

வென்ற அணிக்கு என்ன கிடைத்தது? மூன்றே ஆண்டுகளில், 1899இல், பிற கல்வி நிலையங்களோடு மகளிர் அணிகள் மோதுவதை ஸ்டான்ஃபோர்டின் ஆசிரியர் குழு தடை செய்தது. மாணவியரின் உடல்நலமும், செய்தித்தாள்களில் அவர்கள் பெற்ற விளம்பரமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

இங்கே நாம் ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். பெண்கள் கையையும் காலையும் அசைப்பதை அக்காலத்தார் எதிர்க்கவில்லை. உடற்பயிற்சியை அவர்கள் ஊக்குவிக்கவே செய்தனர். அவர்கள் அஞ்சியது போட்டியை. வெல்லவேண்டும் என்று ஒரு பெண் வெளிப்படையாக விரும்புவதை. மகளிர் கூடைப்பந்தின் தாய் எனப் போற்றப்படும் பெரன்சனே இந்த அச்சத்திலிருந்து முற்றிலும் விடுபடவில்லை. அவர் மகளிர்க்கென விதிகளை மாற்றினார். களத்தை மூன்று பகுதிகளாகக் கோடிட்டுப் பிரித்து, ஒருத்தி தன் பகுதியை விட்டு நகரலாகாது என்றார். பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கலாகாது. பந்தைத் தரையில் மும்முறைக்கு மேல் தட்டலாகாது. கூட்டுணர்வு வளர வேண்டும், முரட்டுத்தனம் வளரலாகாது என்பதே அவர் நோக்கம். நோக்கம் நன்றே. அவர் அவ்விதிகளை வகுத்திராவிடில் பல கல்லூரிகள் இவ்வாட்டத்தை அனுமதித்தே இரா என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் அந்தக் கோடுகள் பல பத்தாண்டுகள் அழியாமல் நின்றன. ஆடவர் கூடைப்பந்து 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது; மகளிர் கூடைப்பந்து இடம்பெற 1976இல் மாண்ட்ரியால் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் கழிந்தவை நாற்பது ஆண்டுகள்.

தகர வாளிகளின் முழக்கம்

அந்தக் காத்திருப்பின் இறுதிக் கட்டத்தில் நடந்த ஓர் ஆட்டம், நம் வாசகர்க்குச் சிறப்பாக இனிக்கும். பிலடெல்பியா நகருக்கு அருகே, மரியாவின் மாசற்ற இருதயப் பணியாளர் சபைச் சகோதரிகள் நடத்திய சிறு மகளிர் கல்லூரி இம்மாக்குலட்டா. 1967இல் அதன் விளையாட்டுக் கூடம் தீக்கிரையாயிற்று. தமக்கெனச் சொந்தக் களமில்லாத அந்த அணிக்கு 1970இல் பயிற்சியாளராக வந்தவர் கேத்தி ரஷ் என்னும் இளம்பெண். அவர் பெற்ற ஆண்டு ஊதியம் 450 டாலர்.

1972ஆம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்க மகளிர் கல்லூரிகளுக்கான தேசியப் போட்டி இல்லினாய் மாநிலத்தில் நடந்தது. பதினாறு அணிகளுள் இம்மாக்குலட்டாவுக்குத் தரப்பட்ட இடம் பதினைந்தாவது. பணமின்மையால் எட்டு ஆட்டக்காரர் மட்டுமே பயணம் செய்ய முடிந்தது. இறுதியாட்டத்தில் எதிரே நின்றது வெஸ்ட் செஸ்டர் கல்லூரி. சில நாள்களுக்கு முன்புதான் இவர்களை 32 புள்ளி வேறுபாட்டில் வீழ்த்திய அணி. அத்தகைய தோல்விக்குப்பின் அதே எதிரியைச் சந்திப்பது எளிதா? ஆனால் அவர்கள் தளரவில்லை. முடிவு: இம்மாக்குலட்டா 52, வெஸ்ட் செஸ்டர் 48. தொடர்ந்து 1973லும் 1974லும் அவர்களே வாகை சூடினர்.

இக்கல்லூரி ஆடிய ஆட்டங்களில் பார்வையாளர் வரிசையில் அருட்சகோதரிகள் அமர்ந்திருப்பர். ஆட்டக்காரி ஒருத்தியின் தந்தை தம் இரும்புச் சாமான் கடையிலிருந்து கொணர்ந்த தகர வாளிகளைக் கோல்களால் அடித்து முழக்குவர். 1896இல் பெண்கள் கையிலிருந்த கோல், எட்டிப் பார்த்தவரைத் துரத்தியது. முக்கால் நூற்றாண்டு கடந்து சகோதரியர் கையிலிருந்த கோலோ, எல்லாரும் வந்து பாருங்கள் என்று அழைத்தது! அந்த 1972 ஜூன் திங்களிலேயே, அரசு நிதி பெறும் கல்வி நிலையங்களில் பெண்களை வேறுபடுத்தலாகாது என்னும் சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது. 1975 பிப்ரவரியில் நியூயார்க்கின் புகழ்பெற்ற மேடிசன் சதுக்க அரங்கில் இம்மாக்குலட்டாவும் குயின்ஸ் கல்லூரியும் மோதியபோது ஏறத்தாழ பன்னீராயிரம் பேர் திரண்டனர். அதிலும் வேறுபாடு நான்கே புள்ளிகள்: 65-61.

நம் மண்ணில்

இவ்வாட்டம் நம் நாட்டில் வேரூன்றியதும் அதே ஒய்.எம்.சி.ஏ. வழியாகத்தான். ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் உடற்கல்விப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் பல ஊர்களுக்கும் கூடைப்பந்தைக் கொண்டுசென்றனர். பெண் கல்விக்கும் அந்த நூற்றாண்டே வழி திறந்தது. திருச்சியில் 1923இல் ஹோலி கிராஸ் கல்லூரி, மதுரையில் 1953இல் பாத்திமா கல்லூரி, பெரியகுளத்தில் 1971இல் ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி என அருட்சகோதரிகள் மகளிர் கல்லூரிகளை எழுப்பினர். திண்டுக்கல்லில் அரசு மகளிர் கல்லூரி அமைந்தது. 1984இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசிய மகளிர் கோப்பை இரண்டாம் பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானைச் சந்தித்தது. முடிவு 75-73. இரண்டே புள்ளிகளில் இந்தியா வென்று முதற்பிரிவுக்கு உயர்ந்தது. அந்தத் தலைமுறையின் முகமாக விளங்கியவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 2001 முதல் 2017 வரை ஒன்பது ஆசியப் போட்டிகளில் ஆடியவர். 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இந்த ஆட்டத்தை ஆண்களும் பெண்களும் ஒன்றாகவே அமர்ந்து பார்க்கலாம். எவரும் சன்னலில் ஏறவேண்டியதில்லை.

அப்படியானால் எல்லாப் பூட்டுகளும் திறந்துவிட்டனவா? நாகல் நகர்த் தெருக்களில் புத்தகப்பையோடு செல்லும் பெண்பிள்ளைகளைக் காண்கிறோம். பெண் படிப்பதை இன்று எவரும் தடுப்பதில்லை. பள்ளியில் அவள் பந்தாடுவதையும் மகிழ்ந்தே பார்க்கிறோம். ஆனால் அணியில் தேர்வாகி, மாலையில் நெடுநேரம் பயிற்சி செய்ய வேண்டும், வெளியூருக்குப் போக வேண்டும் என்று வரும்போது நம் இல்லங்களில் எழும் குரல் எது? “உடம்புக்கு நல்லதென்றால் ஆடட்டும், போட்டிக்கெல்லாம் போவானேன்?” என்பதன்றோ? 1899இல் அந்த ஆசிரியர் குழு நினைத்ததும் இதுவே. பயிற்சி ஆகும், போட்டி ஆகாது. நாடும் மொழியும் மாறினாலும் கோடு மட்டும் அதே இடத்தில் நிற்கிறது.

பெற்றோரின் கவலையை நாம் இகழவில்லை. இரவில் தனித்து வரும் மகளை எண்ணிக் கலங்காத தாய் யார்? அக்கவலைக்கு விடை, துணைக்கு ஒருவர், பாதுகாப்பான ஊர்தி, பொறுப்புள்ள ஆசிரியை ஆகியோரைத் தேடித் தருவதே. மகளை வீட்டில் நிறுத்துவது விடையாகாது. ஏனெனில் கடும்போட்டி தருவதைத் தனிப் பயிற்சி தராது. ஒரு புள்ளி பின்தங்கி நிற்கையில் நடுங்காத கை, 32 புள்ளியில் தோற்ற மறுவாரமே மீண்டும் களமிறங்கும் நெஞ்சு, தன்னைவிட நல்ல இடத்தில் நிற்பவளுக்குப் பந்தைத் தரும் மனம்: இவை எதிரே ஓர் எதிரணி நிற்கும்போது மட்டுமே கற்கக் கூடியவை. நாளை ஒரு குடும்பத்தை, ஓர் அலுவலகத்தை, ஒரு மருத்துவமனை வார்டைத் தாங்கப்போகும் பெண்ணுக்கு இவை வேண்டாதவையா?

1896இல் தோற்ற பெர்க்லி மாணவியர் பெற்றது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளியைப் பெற அவர்கள் முதலில் மண்டபத்திற்கு வரவேண்டியிருந்தது. நம் பெண்களும் களத்திற்கு வரட்டும். வெல்வதும் தோற்பதும் அவர்கள் பாடு. கதவைத் திறந்துவைப்பது நம் பாடு.