தடுப்பூசி, ஆட்டிசம், மினியாபொலிஸ்: ஒரு பொய் யாரைத் தேடிப் போனது?

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்தது. நான் வேலை செய்த காலனியில் ஓர் அக்கா அன்று தன் மகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அவருடைய இளைய மகனுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஊசிதான் காரணம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வாட்ஸப்பில் வந்த செய்தியைக் காட்டி, "வேற எதுக்கும் நம்ம தெருவுக்கு வராதவங்க, ஊசி போட மட்டும் ஏன் தம்பி தேடி வர்றாங்க?" என்று கேட்டார்.

அதை அறியாமை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. கை வைத்துக்கூடப் பார்க்காமல் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்ட பல வருட அனுபவம் அந்தக் கேள்விக்குள் இருந்தது. அதே ஆண்டில் அமெரிக்காவில் இன்னொரு ஒடுக்கப்பட்ட சமூகமும் இப்படிக் கேள்வி கேட்டு, தவறான ஆளிடம் பதில் வாங்கிய கதையைப் பிறகுதான் படித்தேன்.

அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும். 1943இல் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசம் தனி நிலையாக அறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைகள். ஏழைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் அந்த மருத்துவர்களின் கண்ணில் படவே இல்லை. அடுத்து வந்தது தாய்மீது பழி. அன்பில்லாத, உறைந்துபோன தாய்களால்தான் பிள்ளை இப்படி ஆகிறது என்றார்கள். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் அந்தப் பழியை வீடு வீடாகக் கொண்டுபோனது. 1977இல் இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வு, மரபணுவின் பங்கு பெரியது என்று காட்டியது. ஆனால் பல ஆண்டுகள் குற்றவாளிக் கூண்டில் நின்ற பெற்றோரின் மனக்காயம் ஓர் ஆய்வில் ஆறிவிடுமா?

1998 பிப்ரவரியில் லண்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 'லான்செட்' இதழில் வெறும் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசியின் மீது அது சந்தேகத்தைக் கிளப்பியது. இந்த ஊசி ஒரு வயதையொட்டிப் போடப்படுவது. ஆட்டிசத்தின் அடையாளங்களைப் பெற்றோர் கவனிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அந்தப் பருவத்தில்தான். ஒன்றையடுத்து ஒன்று வந்ததால், ஒன்றால் ஒன்று வந்தது என்று நம்புவது எளிதாக இருந்தது.

பத்திரிகையாளர் பிரையன் டீர் தோண்டியெடுத்த உண்மை வேறு. தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாரான வழக்கறிஞர் வழியாக, சட்ட உதவி நிதியிலிருந்து 4 லட்சம் பவுண்டுக்கு மேல் வேக்ஃபீல்டுக்குப் போயிருந்தது. தட்டம்மைக்கு மட்டுமான வேறொரு தடுப்பூசிக்கு அவர் காப்புரிமை கோரி விண்ணப்பித்தும் இருந்தார். 2010இல் 'லான்செட்' கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மே மாதம் அவர் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. டென்மார்க்கில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2002இலும், 6.5 லட்சத்துக்கும் மேற்பட்டோரை வைத்து 2019இலும் வெளியான ஆய்வுகள், எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்றே காட்டின.

மருத்துவ உலகம் வெளியே தள்ளிய ஆள் அடுத்து எங்கே போனார் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

உள்நாட்டுப் போரிலிருந்து தப்பிய சோமாலிய அகதிகள் மினசோட்டா மாநிலத்தின் மினியாபொலிஸ் நகரில் பெருமளவில் குடியேறியிருந்தார்கள். கறுப்பர்கள், முஸ்லிம்கள், அகதிகள். 2008 வாக்கில், சிறப்புக் கல்வி வகுப்புகளில் தங்கள் குழந்தைகள் அளவுக்கு அதிகமாக இருப்பதைப் பெற்றோர் கவனித்தார்கள். ஏன் எங்கள் பிள்ளைகள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தெளிவான பதில் கிடைக்கவில்லை. சோமாலியக் குழந்தைகளையும் வெள்ளையினக் குழந்தைகளையும் ஒப்பிட்டு ஆய்வு வெளிவந்ததே 2013இல்தான். இரு தரப்பிலும் ஆட்டிசத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஆட்டிசமுள்ள சோமாலியக் குழந்தைகளில் அறிவுத்திறன் குறைபாடும் சேர்ந்திருப்பவர்கள் அதிகம் என்றது அது.

அந்த இடைவெளியில் தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் புகுந்தார்கள். பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட பிறகு வேக்ஃபீல்டே நேரில் வந்து சோமாலியப் பெற்றோரைச் சந்தித்தார். 2004இல் 92 விழுக்காடாக இருந்த சோமாலியக் குழந்தைகளின் எம்.எம்.ஆர். அளவு, 2014இல் 42 விழுக்காடாக விழுந்தது. 2011இல் தட்டம்மை ஒருமுறை எச்சரித்துவிட்டுப் போனது. 2017இல் 75 பேரைப் பிடித்தது. பெரும்பாலோர் தடுப்பூசி போடாத சோமாலியக் குழந்தைகள். யாரும் இறக்கவில்லை, ஆனால் இருபது பேருக்கு மேல் மருத்துவமனையில் கிடந்தார்கள். சோமாலியச் சுகாதாரப் பணியாளர்களும் இமாம்களும் மக்களிடம் பேசித்தான் நிலைமையை மீட்க முடிந்தது.

தோழர்களே, மருத்துவத்தின் மீதான அவநம்பிக்கை நம்மைப் போன்றவர்களுக்குச் சும்மா வரவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகியில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அரசே வேடிக்கை பார்த்தது. அந்த அவநம்பிக்கையை மதிக்க வேண்டும். ஆனால் அதையே முதலாக வைத்து வியாபாரம் செய்ய வருகிறவர் நம் தோழர் ஆகிவிட மாட்டார். வேக்ஃபீல்டு இழந்தது மருத்துவர் பட்டியலில் ஓர் இடம். காய்ச்சலில் கிடந்தவை சோமாலியக் குழந்தைகள்.

அந்த அக்காவிடம் கிராமச் சுகாதார செவிலியர் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசினார். மறுவாரம் மகளுக்கு ஊசி போடப்பட்டது. மகனின் கதை அப்படி முடியவில்லை. அவனைப் பரிசோதிக்கும் மையம் மாவட்டத் தலைநகரில் இருந்தது. போய்வர இரண்டு பஸ், ஒரு நாள் கூலி. பேச்சுப் பயிற்சிக்கு வாரா வாரம் வரச் சொன்னார்கள். மூன்று வாரம் போனார், பிறகு முடியவில்லை.

நம் தெருவில் தடுப்பூசிக்காகப் பேசும்போது, அந்தப் பஸ் கட்டணத்துக்காகவும் பேச்சுப் பயிற்சிக்காகவும் சேர்த்தே மனு எழுதுவோம். ஊசியோடு மட்டும் போய் நின்றால், அக்கா கேட்ட கேள்விக்கு நம்மிடமும் பதில் இருக்காது.