துன்புறுத்தல் மருட்சி
தமக்குத் தீங்கிழைக்க யாரோ திட்டமிடுகின்றனர் என்று, எச்சான்றாலும் அசையாது ஒருவர் கொள்ளும் பிறழ்நம்பிக்கை துன்புறுத்தல் மருட்சி எனப்படும். மனச்சிதைவிலும் கடும் மனச்சோர்விலும் இது தோன்றும். இலங்கையில் 2009 வரை போர் நீடித்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் சோதனைச்சாவடியும் சுற்றிவளைப்பும் அன்றாட நடப்பாயிருந்தமையால், தம்மை உளவாளி பின்தொடர்கிறார் என்பவரின் அச்சத்தை உடனே நோயென முத்திரையிடாமல், அவர் பட்டதை உறவினரிடமும் விசாரித்தறிதல் இன்றியமையாதது.

நோயாளி நஞ்சு கலந்திருக்குமென வீட்டுச் சோற்றைத் தள்ளிவைப்பார், பகலிலும் யன்னலைச் சாத்திவைப்பார், உறக்கமும் தொழிலும் இழப்பார். குடும்பத்தார் செய்வினையென எண்ணி மந்திரவாதியை நாடுமிடத்துச் சிகிச்சை பிந்துகிறது. ரிசுப்பெரிடோன், ஒலான்சபைன் முதலிய மருந்துகளே அடிப்படைச் சிகிச்சை. பின்னது உடல் எடையையும் குருதிச் சர்க்கரையையும் கூட்டக்கூடுமாதலால் கண்காணிப்பு தேவை. பிறழ்நம்பிக்கையை எதிர்த்து வாதிடுவதைவிட, கவலையையும் உறக்கமின்மையையும் தணிக்கும் அறிகை நடத்தைச் சிகிச்சை கூடுதலாக உதவும்.