நோயாளியின் ஸ்டெம் செல்: ஆய்வு வேறு, சிகிச்சை வேறு

கிருமிகளை எதிர்க்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி உடலின் சொந்தச் செல்களையே தாக்கினால், அதைத் தன்னெதிர்ப்பு நோய் என்கிறோம். குழந்தைகளுக்கு அதிகம் வரும் டைப் 1 சர்க்கரை நோய் இந்த வகையைச் சேர்ந்தது. இதில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் அழிகின்றன. இது இனிப்பு தின்றதால் வருவதல்ல. பெற்றோரின் தவறும் அல்ல.

நோய் தெரியவரும்போது பீட்டா செல்களில் பெரும்பகுதி அழிந்திருக்கும். உயிரோடு இருப்பவரின் கணையத்தை வெட்டிப் பார்க்கவும் முடியாது. இதனால் தாக்குதல் எப்படித் தொடங்குகிறது என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது.

இதற்கு வழி திறந்தவர் ஜப்பானின் ஷின்யா யமனகா. 2006இல் எலியிலும் 2007இல் மனிதரிலும், சாதாரண தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி அதை ஸ்டெம் செல்லாக மாற்றினார். 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இம்முறையில் கருவை அழிக்க வேண்டியதில்லை என்பதால், மார்க்க அடிப்படையில் பலருக்கும் இருந்த தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

2009இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் டைப் 1 நோயாளிகளின் தோலிலிருந்து இத்தகைய ஸ்டெம் செல்களை உருவாக்கினர். அவற்றைப் பீட்டா செல்லாக வளர்த்து, அதே நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்களோடு சேர்த்து வைத்தால், தாக்குதலை ஆய்வுக்கூடத்திலேயே கவனிக்கலாம், மருந்துகளையும் சோதிக்கலாம். நம் வேலூர் சி.எம்.சி.யிலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்திலும் இதே தொழில்நுட்பத்தால் பரம்பரை ரத்த நோய்களை ஆராய்கிறார்கள்.

சீனாவின் தியான்ஜின் நகரில், டைப் 1 நோயுள்ள பெண் ஒருவரின் சொந்தச் செல்லிலிருந்து உருவாக்கிய இன்சுலின் சுரக்கும் செல்கள் அவருக்கே பொருத்தப்பட்டன. சுமார் 75 நாட்களில் அவர் இன்சுலின் ஊசியை விட்டார் என 2024இல் செய்தி வந்தது. ஆனால் அவர் ஏற்கெனவே கல்லீரல் மாற்று சிகிச்சைக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுத்து வந்தவர். அம்மருந்து இல்லாமல் புதிய செல்கள் தப்புமா என்பதற்கு இன்னும் விடை இல்லை.

இங்குதான் நம் குடும்பங்கள் விழிப்பாக இருக்க வேண்டும். ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, அங்கீகரிக்கப்பட்ட ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தவிர, மற்றவை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரப்பட வேண்டும். ஆய்வில் சேருபவரிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. எனவே, "ஸ்டெம் செல்லால் சர்க்கரையைக் குணப்படுத்துகிறோம்" என்று லட்சங்களில் கட்டணம் கேட்டால் நகையையோ படகையோ அடகு வைக்க வேண்டாம்.

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் கிராமங்கள் போன்ற ஊர்களில் இன்றைக்குக் குழந்தையின் உயிரைக் காப்பது இன்சுலின்தான். அதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மீன் பெட்டியின் ஐஸில் நேரடியாக வைக்கவும் கூடாது. உறைந்த இன்சுலின் பயன்படாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில், நீர் புகாத டப்பாவில் இட்டு மண்பானைத் தண்ணீரில் வைக்கலாம். குழந்தைக்கு அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், உடல் மெலிவு தெரிந்தால், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை அளவைப் பரிசோதியுங்கள்.