ஆரல் (மீன்)

ஆரல் என்பது தெற்காசியாவின் நன்னீர்நிலைகளில் வாழும், பாம்பு போன்று நீண்ட உடலுடைய சிறு மீன் ஆகும். இதன் அறிவியற் பெயர் மேக்ரோக்னேத்தசு ஆரல். இது முள்விலாங்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டில் இக்குடும்பத்தைச் சேர்ந்த வேறு சில மீன்களும் ஆரல் என்றே அழைக்கப்படுகின்றன.

பெயர்

இவ்வினத்தைப் புளோக், சினைடர் ஆகிய செருமானிய அறிஞர்கள் 1801 ஆம் ஆண்டில் விவரித்தனர். அதன் இனப்பெயராக அமைந்த 'ஆரல்' தமிழ்ச் சொல்லாகும். அச்சொல் மிகப் பழமையானது. ஓடும் நீரில் ஆரலைப் பார்த்து நிற்கும் குருகு, குறுந்தொகையின் 25 ஆம் பாடலில் இடம்பெறுகிறது.

உடலமைப்பு

ஆரலின் மூக்கு சதைப்பற்றுடன் கூர்மையாக நீண்டு, சிறு தும்பிக்கை போலத் தோன்றும். முதுகின் முற்பகுதியில் தனித்தனியான குட்டை முட்கள் வரிசையாக உள்ளன. வெறுங்கையால் பிடிப்போரை இவை குத்திவிடும். இடுப்புத் துடுப்புகள் இல்லை. முதுகுத் துடுப்பின் அடியில் கண் போன்ற கரும்புள்ளிகள் காணப்படும்.

உருவ ஒற்றுமை இருப்பினும் ஆரல் உண்மையான விலாங்கு அன்று. விலாங்கு இனப்பெருக்கத்திற்காகக் கடலுக்குச் செல்லும். ஆரல் நன்னீரிலேயே வாழ்ந்து முடிக்கும். குளிர் நாட்டு ஆறுகளில் வாழும் லாம்பிரேயுடனும் இதற்கு நெருங்கிய உறவில்லை. லாம்பிரே தாடையற்றது, ஆரலுக்குத் தாடை உண்டு. லாம்பிரேயின் இளரிகள் சில ஆண்டுகள் ஆற்றுமண்ணில் புதைந்து வாழ்கின்றன. மண்ணில் புதையும் பழக்கம் ஆரலுக்கும் உண்டு.

வாழிடமும் பழக்கங்களும்

நீர்த்தாவரங்கள் அடர்ந்த, மெதுவாக ஓடும் அல்லது தேங்கிய நீரை ஆரல் விரும்புகிறது. பகலில் மணலிலோ சேற்றிலோ புதைந்திருந்து, இரவில் வெளிவந்து புழுக்களையும் பூச்சிகளின் இளரிகளையும் தேடி உண்ணும். அடிமண் இறுகிவிட்டால் ஒளிவதற்கும் இரை தேடுவதற்கும் அதற்கு இடமில்லாமல் போகும்.

ஏரிகளும் ஆரலும்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப்பாசனத்திற்குப் பெயர்பெற்றது. ஏரி, மதகு, வாய்க்கால், நெல்வயல் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்த இத்தகைய நீர்த்தொடர், ஆரல் போன்ற மீன்களுக்கு ஏற்ற வாழிடமாகும். மழைக்காலத்தில் இவ்வழிகளில் நீர் பெருகும்போது மீன்கள் பரவ முடிகிறது. கோடையில் ஏரி சுருங்கும்போது எஞ்சும் மடுக்களும் ஈரச்சேறுமே அவற்றின் புகலிடம்.

இவ்வூரில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பதை விவரிக்கிறது. அவற்றுள் ஏரி வாரியத்திற்கு 6 பேர் ஓராண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏரி பயிருக்காகவே காக்கப்பட்டது எனினும், அதில் வாழ்ந்த உயிர்களும் அக்காவலால் பயனடைந்தன எனலாம்.

அச்சுறுத்தல்கள்

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆரலைத் தீவாய்ப்புக் குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. எனினும் ஓர் ஏரியில் ஓர் இனம் அழிவதை இவ்வகைப்பாடு காட்டாது. வரத்து வாய்க்கால்கள் ஆக்கிரமிக்கப்படுதல், கரைகளுக்கும் அடித்தளத்திற்கும் கற்காரை இடுதல், பூச்சிக்கொல்லி கலத்தல் ஆகியன சேற்றில் வாழும் மீன்களைப் பாதிக்கின்றன. ஏரியைத் தூர்வாரும்போது சில மடுக்களையும் கரையோரத் தாவரங்களையும் விட்டுவைப்பது இவற்றுக்கு உதவும்.