பட்டறைக் காற்றாலை

பட்டறைக் காற்றாலை என்பது மரவேலை, வெல்டிங், சுருள் சுற்றுதல் ஆகிய கைத்தொழில்களைக் கொண்டு தனியாளோ சிறு குழுவோ கட்டிக்கொள்ளும் சிறிய மின் காற்றாலை. இவற்றின் சுழலி விட்டம் பெரும்பாலும் 1 மீட்டருக்கும் 5 மீட்டருக்கும் இடைப்பட்டது. நல்ல காற்றில் சில நூறு வாட் முதல் இரண்டு மூன்று கிலோவாட் வரை மின்சாரம் கிடைக்கும். மின்கம்பி எட்டாத வீடு, பண்ணை, பள்ளிக்கூடம், தீவு ஆகிய இடங்களில் பேட்டரிக்கு மின்னேற்றவே இவை பெரிதும் பயன்படுகின்றன. உலகில் இன்று பரவலாகக் கட்டப்படும் வடிவம் ஸ்காட்லாந்தில் ஹியூ பிகாட் உருவாக்கியது. அது ஒருவர் மூளையில் ஒரே நாளில் உதித்ததன்று. கட்டியவர்கள் தங்கள் அளவுகளையும் பழுதுகளையும் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லித் தேறிய வடிவம் அது.

வரலாறு

காற்றிலிருந்து மின்சாரம் எடுக்கும் வேலை தொடங்கியதே வீட்டுத் தோட்டத்தில்தான். கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் பிளைத், 1887இல் மேரிகிர்க் என்ற ஊரில் தமது விடுமுறை வீட்டுத் தோட்டத்தில் துணிப் பாய்கள் கட்டிய காற்றாலை ஒன்றை நிறுவி, மின்கலங்களில் சேமித்து வீட்டுக்கு விளக்கேற்றினார். மிஞ்சிய மின்சாரத்தை ஊர்த் தெருவிளக்குக்குத் தருவதாக அவர் சொன்னபோது ஊரார் அதைப் பேய்வேலை என்று மறுத்தார்கள்.

டென்மார்க்கில் பவுல் லா கூர், அஸ்கோவ் மக்கள் உயர்பள்ளியில் 1891இல் காற்றாலை ஆய்வைத் தொடங்கினார். அவர் கண்டறிந்தவற்றைவிட, கிராமத்து இளைஞர்களை மின்பணியாளர்களாகப் பயிற்றுவிக்க நடத்திய வகுப்புகளே நெடுங்காலப் பலன் தந்தன. 1904இல் அங்கே பயின்ற யோஹானஸ் யூல், 1957இல் கெட்சர் என்ற இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையைக் கட்டினார். மூன்று இறக்கைகளும், வேகம் மிஞ்சினால் தாமாகத் திரும்பித் தடை போடும் இறக்கை நுனிகளும் கொண்ட அது, பத்தாண்டுக்கு மேல் பெரிய பழுதின்றி ஓடியது.

அமெரிக்காவில் தேவை வேறு வழியாக வந்தது. 1920களில் பண்ணை வீடுகளுக்கு வானொலி வந்து சேர்ந்தது. அதன் பேட்டரிக்கு மின்னேற்ற வழியில்லை. பழைய கார் ஜெனரேட்டரின் தண்டில், செதுக்கிய மரப் பலகையை மாட்டிக் கூரைமேல் ஏற்றினார்கள் விவசாயிகள். மொன்டானாவில் ஜேக்கப்ஸ் சகோதரர்கள் தங்கள் பண்ணைக்கென்று செய்து பார்த்த இயந்திரம் பிறகு பெரிய தொழிலானது. 1936இல் ஊரக மின்மயச் சட்டம் வந்து மின்கம்பிகள் பண்ணைகளை எட்டியபின் அந்தக் கைவினை பெரும்பாலும் மறைந்தது.

1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கில் அது மீண்டும் எழுந்தது. கிறிஸ்டியன் ரீசாகர் என்ற தச்சர், கெட்சர் வடிவத்தைச் சிறிதாக்கித் தம் வீட்டில் கட்டி மின்வலையோடு இணைத்தார். ட்விண்ட் பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து 1975இல் தொடங்கிய 2 மெகாவாட் காற்றாலை 1978இல் சுழன்றது. கட்டுபவர்கள் காலந்தோறும் கூடி, எந்த இறக்கை உடைந்தது, எந்தத் தடை பிடிக்கவில்லை என்று பேசினார்கள். 1978இல் உருவான காற்றாலை உரிமையாளர் சங்கத்தின் இதழில் ஒவ்வொரு இயந்திரத்தின் உற்பத்தியும் பழுதும் வெளியாயின. வாங்க நினைத்தவர் விளம்பரத்தை நம்பவேண்டிய நிலையே இல்லாமல் போனது. ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் கார்ல் எரிக் யோர்கன்சன் என்ற கொல்லரும் சேர்ந்து உருவாக்கிய வடிவத்தின் உரிமத்தை 1979இல் வெஸ்டாஸ் நிறுவனம் வாங்கியது. இன்றைய மூன்றிறக்கைப் பெருங்காற்றாலையின் வம்சாவளி இந்தப் பட்டறைகளிலிருந்து வருகிறது.

ஸ்கோரைக் வடிவம்

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள ஸ்கோரைக் ஒரு தீபகற்பம். அங்கே சாலை போகாது. படகிலோ மலைப்பாதையில் நடந்தோதான் போக வேண்டும். மின்வலையும் இல்லை. 1970களில் அங்கே குடியேறிய பிகாட், கையில் கிடைத்த பழம்பொருள்களைக் கொண்டு தமக்கும் அண்டை வீட்டாருக்கும் காற்றாலைகள் கட்டத் தொடங்கினார். வேன் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் காந்தங்களைப் பதித்து அவர் செய்த ஜெனரேட்டரின் வரைபடங்கள் முதலில் பரவின. 1997இல் அவருடைய 'விண்ட்பவர் வொர்க்‌ஷாப்' நூல் வெளிவந்தது. வலிமை மிக்க நியோடிமியம் காந்தங்கள் மலிந்ததும் வட்டத்தட்டு வடிவத்துக்கு மாறினார். வெவ்வேறு விட்டங்களுக்கான அளவுகளைச் சமையல் குறிப்புபோல் எழுதி வெளியிட்ட அவருடைய கையேடு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

இவ்வடிவின் ஜெனரேட்டரில் இரண்டு இரும்புத் தட்டுகள் உண்டு. 2.4 மீட்டர் விட்டமுள்ள இயந்திரத்தில் தட்டுக்கு 12 காந்தங்கள், வடதுருவமும் தென்துருவமும் மாறி மாறி ஒட்டப்படும். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே அசையாத தட்டு ஒன்று நிற்கும்: ஒன்பது செப்புக் கம்பிச் சுருள்கள், மூன்று மின்கட்டங்களில் கட்டத்துக்கு மூன்றாக இணைக்கப்பட்டு, ரெசினில் வார்க்கப்பட்டவை. சுருள்களுக்குள் இரும்பு இல்லாததால் காந்தம் எங்கும் பிடித்து நிறுத்தாது. இளங்காற்றிலேயே சுழலி புறப்பட்டுவிடும். பற்சக்கரப் பெட்டியும் தேவையில்லை. காந்தத் தட்டுகளும் இறக்கைகளும் ஒரு சாதாரண வாகனச் சக்கரத்தின் ஹப், பேரிங்குகள்மேல் சுழல்கின்றன.

சுருள் சுற்ற, இரண்டு பிளைவுட் துண்டுகளுக்கு நடுவே ஆணிகள் பொருத்திய கைப்பிடிச் சுற்றி ஒன்றே போதும். எத்தனை சுற்று, எவ்வளவு தடிமன் கம்பி என்பது பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பொறுத்தது: 12 வோல்ட்டுக்கு உரிய சுற்றுகளை 24 வோல்ட்டுக்கு இரட்டிப்பாக்கி, கம்பியின் குறுக்குப் பரப்பைப் பாதியாக்க வேண்டும். ஒரு சுருளில் மட்டும் சுற்று குறைந்தால் கட்டங்கள் சமனாகாது. ஆகவே சுற்றி முடித்தவற்றை எடை போட்டு ஒப்பிடுவது வழக்கம். வார்ப்பின்போது ரெசினில் டால்கம் பவுடர் கலப்பார்கள். அது இறுகும்போது எழும் சூட்டைத் தணிக்கிறது.

மிக ஆபத்தான கட்டம் இரண்டாவது தட்டைப் பொருத்துவது. காந்தத் தட்டுகள் ஒன்றையொன்று இழுக்கும் விசையைக் கையால் தாங்க முடியாது. விரல் அகப்பட்டால் எலும்பு நொறுங்கும். அதனால் தட்டில் மரையிட்ட மூன்று துளைகளில் நீண்ட போல்ட்டுகளை முட்டுக்கொடுத்து, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் திருப்பித் தட்டை இறக்குவார்கள். அந்த மேசையருகே சுத்தியல், ஸ்பானர் எதுவும் இருக்கக் கூடாது.

இறக்கைகள் நேரான ரேகை ஓடும், முடிச்சில்லாத, இலேசான மரப்பலகையில் செதுக்கப்படுகின்றன. அடியில் அகலமும் சாய்வும் மிகுந்து, நுனிக்குப் போகப் போக ஒடுங்கித் தட்டையாகும் முறுக்கு வடிவம் அது. காற்றைப் பார்க்கும் முகம் சமதளம், பின்முகம் வளைவு. 2.4 மீட்டர்ச் சுழலியின் நுனி காற்றைப்போல் ஏழு மடங்கு வேகத்தில் ஓடுமாறு அமைத்தால், நொடிக்கு 10 மீட்டர் காற்றில் நுனி மணிக்கு 250 கிலோமீட்டரில் பறக்கும். அந்த வேகத்தில் மழைத்துளியே மரத்தை அரிக்கும் என்பதால் முன்விளிம்புக்குப் பாதுகாப்பு நாடா ஒட்டுகிறார்கள். பிவிசி குழாயை அறுத்துச் செய்யும் இறக்கை தொடக்கக்காரர்களிடையே பரவலானது. மலாவியில் 2001–02 பஞ்சத்தின்போது பள்ளியை விட்ட சிறுவன் வில்லியம் கம்குவாம்பா, நூலகப் புத்தகம் ஒன்றின் படத்தைப் பார்த்து, டிராக்டர் விசிறி, சைக்கிள் டைனமோ, சூடாக்கித் தட்டையாக்கிய பிவிசி ஆகியவற்றால் கட்டியதும் அத்தகையதே. சிறு சுழலிக்கு அது பொருந்தும். விட்டம் பெரிதானால் பிவிசி வளைந்து கோபுரத்தில் மோதும், வெயிலில் நொறுங்கும்.

வால் காற்றின் திசையை மட்டும் காட்டுவதில்லை. சுழலி கோபுர அச்சுக்குச் சற்றே பக்கவாட்டில் தள்ளிப் பொருத்தப்படுகிறது; வாலின் கீல் சாய்வாக வெல்டு செய்யப்படுகிறது. காற்றின் தள்ளுவிசை ஏறும்போது சுழலி பக்கம் திரும்பப் பார்க்கும், வாலின் எடை அதைப் பிடித்து வைக்கும். ஓரளவுக்கு மேல் வால் தோற்று மேலே மடிய, சுழலி காற்றிலிருந்து விலகித் தன்னைக் காத்துக்கொள்ளும். அதிக மின்சாரம் வேண்டி வாலின் எடையைக் கூட்டுவது சுருளை எரிப்பதில் முடியும்.

இடமும் கோபுரமும்

காற்றின் ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. 2.4 மீட்டர்ச் சுழலியின் பரப்பு வழியே நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் காற்றில் ஏறக்குறைய 2,770 வாட் உண்டு. அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எந்தச் சுழலியும் எடுக்க முடியாது என்பது பெட்ஸ் வரம்பு. எல்லா இழப்பும் போகக் கால்பங்கு, அதாவது 700 வாட் அளவு கிடைத்தால் நல்ல இயந்திரம். காற்று 5 மீட்டராகக் குறைந்தால் அதே இயந்திரம் 90 வாட்கூடத் தராது. இயந்திரத்தை எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும் காற்றில்லாத இடத்தில் அது அலங்காரப் பொருளே.

சுற்றிலும் 100 மீட்டருக்குள் உள்ள மரம், வீடு எல்லாவற்றையும்விட இறக்கையின் கீழ்நுனி 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பொது விதி. செலவு கருதிப் பலர் மீறுவதும் இந்த விதியையே. மொட்டைமாடியில் வைக்கும் ஆசையும் பொதுவானது. ஆனால் கட்டடத்தில் மோதி வரும் காற்று சுழல்காற்று. பிரிட்டனில் 2009இல் முடிவு வெளியான வார்விக் சோதனையில், கட்டடங்கள்மேல் பொருத்திய சில காற்றாலைகள் தம் மின்னணுக் கருவிகள் உண்ட மின்சாரத்தைக்கூட ஈட்டவில்லை. இழுகம்பிகள் கட்டிய இரும்புக் குழாய்க் கோபுரமே எளிது. அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கக்கூடியதாக இருந்தால் பராமரிப்பு தரையிலேயே முடியும்; புயல் எச்சரிக்கை வந்தால் இறக்கியும் வைக்கலாம்.

மின்னிணைப்பில் மறக்கக் கூடாத விதி, ஓடும் காற்றாலையைச் சுமையின்றி விடக் கூடாது என்பது. சூரியத் தகட்டின் இணைப்பைக் கழற்றினால் அது சும்மா இருக்கும். காற்றாலையின் இணைப்பைக் கழற்றினால் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடும். ஆகவே பேட்டரி நிறைந்ததும் மிகை மின்சாரத்தைச் சூடேற்றிக் கம்பிகளுக்குத் திருப்பும் கன்ட்ரோலர் தேவை. மூன்று கட்டக் கம்பிகளையும் ஒன்றோடொன்று இணைத்தால் அதுவே பிரேக். அதைக் காற்று தணிந்திருக்கும்போது போட வேண்டும். சூறைக்காற்றில் போட்டால் இயந்திரம் நிற்காமல் சுருளே எரியலாம்.

பழுதும் பகிர்வும்

கடலோர இயந்திரங்களில் முதல் எதிரி துரு. நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சில் கீறல் விழுந்தால் ஈரம் உள்ளே புகுந்து காந்தம் உப்பும். மேலுள்ள ரெசின் வெடிக்கும். உப்பிய முகம் சுருள்தட்டில் உராய்ந்து அதையும் அழிக்கும். காந்தத் தட்டுக்கும் சுருள்தட்டுக்கும் இடையே விடப்பட்ட இடைவெளி ஓரிரு மில்லிமீட்டரே. காந்தத்துக்கு மேல் ரெசின் முழுமையாக மூடவேண்டும் என்ற குறிப்பும், எடை கூடினாலும் துருப்பிடிக்காத ஃபெரைட் காந்தத்துக்கு மாறும் முயற்சியும் கட்டியவர்கள் இத்தகைய பழுதுகளைத் தெரிவித்ததன் விளைவு.

பயனுள்ள ஆலோசனை எப்படியிருக்கும் என்பதையும் இது காட்டுகிறது. 'நன்றாக ஓடுகிறது' என்ற செய்தியால் அடுத்தவருக்குப் பலனில்லை. விட்டம், காந்த அளவு, சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பித் தடிமன், எந்தக் காற்றில் எத்தனை ஆம்பியர், எத்தனை மாதத்தில் எது கெட்டது என்ற விவரங்களே பயன்படும். அளவுகளை இடத்துக்கேற்ப மாற்றுவதும் இப்பகிர்வின் பகுதி: ஒரு நாட்டில் கம்பி எண்ணால் விற்கும், இன்னொன்றில் மில்லிமீட்டரால், ஓரிடத்தில் கிடைக்கும் மரமும் ஹப்பும் வேறிடத்தில் கிடைக்காது. பிரான்சில் டிரிபாலியம், பெருவில் விண்ட்எய்ட் போன்ற குழுக்கள் பயிற்சி முகாம்களில் பங்கேற்பவர் கையாலேயே முழு இயந்திரத்தைக் கட்டவைக்கின்றன. இத்தகைய குழுக்கள் 2011 முதல் விண்ட் எம்பவர்மென்ட் என்ற அமைப்பில் இணைந்து அனுபவங்களைப் பரிமாறிக்கொள்கின்றன.

இலங்கையிலும் தமிழகத்திலும்

இலங்கைக் கிராமங்களில் கார் பேட்டரியில் தொலைக்காட்சி பார்த்து, மின்சாரம் தீர்ந்ததும் அதை டவுனுக்குத் தூக்கிச் சென்று ஏற்றிவரும் வழக்கம் இருந்தது. அந்த வீடுகளை மனத்தில் கொண்டு, ஐடிடிஜி என்ற தொண்டு நிறுவனம் பெருவுக்கும் இலங்கைக்கும் உரிய சிறு காற்றாலைத் திட்டத்தை நடத்தியது. அதற்காக ஃபெரைட் காந்தங்களைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்யத்தக்க ஜெனரேட்டரின் கையேட்டைப் பிகாட் 2001இல் எழுதினார். தமிழகத்தில் ஆரோவில்லைச் சேர்ந்த மின்வாயு குழு அவர் வடிவத்தில் காற்றாலைகள் கட்டிப் பயிற்சியும் அளித்திருக்கிறது.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு, கம்பம் கணவாய்களை ஒட்டிய பகுதிகளில் மே முதல் செப்டம்பர் வரை காற்று பலமாக வீசும். மற்ற மாதங்களில் அடங்கிவிடும். உள்நாட்டுச் சமவெளியில் ஆண்டுச் சராசரி வேகம் குறைவு. சூரியத் தகட்டின் விலை வெகுவாகச் சரிந்துவிட்டதால், காற்றாலையை மட்டும் நம்பிப் புதிதாக வீட்டுக்கு மின்சாரம் எடுப்பவர் எங்கும் குறைந்துவிட்டனர். இரண்டையும் ஒரே பேட்டரிக்கு இணைக்கும் கலப்பு அமைப்பே இப்போது வழக்கம். ஸ்கோரைக்கிலும் பகல் நீண்ட கோடையில் தகடுகளும், பகல் குறுகிக் காற்று ஓங்கும் குளிர்காலத்தில் காற்றாலைகளும் வீடுகளுக்கு மின்சாரம் தருகின்றன.