கிர்மிட் கப்பலில் போன தஞ்சை ஜில்லாக்காரர்கள்: ஃபிஜியில் தலைமுறை தாண்டியும் நிலம் குத்தகைதானா?

பேராவூரணி பக்கம் குத்தகை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நிலம் ஒருத்தருக்கு, பாடு இன்னொருத்தருக்கு. கெடு முடிந்ததும் நிலத்துக்காரர் 'போதும்' என்று சொல்லிவிட்டால், உழுதவர் வரப்பை விட்டு இறங்க வேண்டியதுதான்.

இதே குத்தகைப் பிரச்சினை ஒரு நாட்டின் அரசியலையே புரட்டிப் போட்டிருக்கிறது. அந்த நாடு, சென்னையிலிருந்து 11,000 கிலோமீட்டருக்கும் அதிக தூரத்தில், பசிபிக் கடலில் இருக்கும் ஃபிஜி. அங்கே கரும்பு வெட்டப் போனவர்களில் பழைய தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களும் உண்டு. அவர்கள் ஏன் போனார்கள், அந்த நிலம் யாருடையது, இன்றைக்கு நிலைமை என்ன? பார்க்கலாம்.

ஃபிஜி யாருடைய நாடு?

300-க்கும் மேற்பட்ட தீவுகள் சேர்ந்ததுதான் ஃபிஜி. அதன் பூர்வகுடிகள் இ-தவுக்கெய் என்று அழைக்கப்படுகிறார்கள். அவர்களுக்கு நிலம் என்பது விற்று வாங்கும் சொத்து கிடையாது. மண், முன்னோர், உறவு எல்லாம் சேர்ந்த ஒன்றை 'வனுவா' என்கிறார்கள். நிலத்தின் உரிமை தனி ஆளுக்கு இல்லை, 'மதாங்கலி' எனப்படும் குலத்துக்குத்தான். நம்ம ஊர் பங்காளி வகையறா மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

1874 அக்டோபர் 10-ம் தேதி, தாகொம்பாவ் உள்ளிட்ட தலைவர்கள் தீவுகளை பிரிட்டனிடம் ஒப்படைத்தார்கள். அடுத்த வருடமே கப்பலில் வந்த தட்டம்மை நோய், சுமார் 40,000 பூர்வகுடிகளைக் கொன்றது. இந்த இனமே அழிந்துவிடுமோ என்ற பயம் அப்போது இருந்தது.

இந்தியர்களை ஏன் கொண்டு போனார்கள்?

முதல் கவர்னர் சர் ஆர்தர் கார்டன் இரண்டு முடிவுகளை எடுத்தார். ஒன்று, பூர்வகுடிகளின் நிலத்தை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் வாங்கக் கூடாது, அவர்களைத் தோட்ட வேலைக்கும் இழுக்கக் கூடாது. இரண்டு, வேலைக்கு ஆள் வெளியிலிருந்து வரட்டும்.

மொரிஷியஸ், டிரினிடாட் தீவுகளில் கவர்னராக இருந்த கார்டன், அங்கே இந்தியக் கூலிகளை வைத்துக் கரும்பு விளைவித்ததைப் பார்த்தவர். அதையே ஃபிஜிக்கும் கொண்டு வந்தார்.

1879 மே 14-ம் தேதி, கல்கத்தாவிலிருந்து 'லியோனிடாஸ்' என்ற முதல் கப்பல் ஃபிஜி வந்து சேர்ந்தது. 1916 வரை 87 கப்பல் பயணங்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு முதலாளி, ஆஸ்திரேலியாவின் காலனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனி.

சென்னை துறைமுகத்திலிருந்து ஆள் அனுப்புவது 1903-ல்தான் தொடங்கியது. அப்படிப் போனவர்கள் சுமார் 15,000 பேர். வடஆற்காடு, சென்னை, கோயம்புத்தூர், மலபார், கிருஷ்ணா, கோதாவரி, விசாகப்பட்டினம் ஜில்லாக்களோடு தஞ்சாவூரும் அந்தப் பட்டியலில் இருந்தது.

நெல் விளையும் தஞ்சாவூரிலிருந்து ஏன் போகணும் என்று கேட்கலாம். விஷயம் என்னன்னா, அன்றைக்கு டெல்டா முழுக்க ஒரே மாதிரி இல்லை. ஆற்றுப்பாசனப் பகுதியிலும் நிலம் மிராசுதார் கையில்தான் இருந்தது, உழைத்தவர்கள் பண்ணையாட்கள். இன்றைக்கு பேராவூரணி கடைமடைக்குத் தண்ணீர் கொண்டுவரும் கல்லணைக் கால்வாய், மேட்டூர் அணைத் திட்டத்தோடு 1930-களில் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கம் மழையையும் ஏரியையும் நம்பித்தான் பிழைப்பு. கடைசி ஃபிஜி கப்பல் போனது 1916-ல். கால்வாய் வந்தது அதற்கும் பிறகு!

'கிர்மிட்' என்றால் என்ன?

'அக்ரிமென்ட்' என்ற சொல் பேச்சில் சிதைந்து 'கிர்மிட்' ஆனது. அதில் கைநாட்டு வைத்துப் போனவர்கள் 'கிர்மிட்டியர்கள்'.

ஒப்பந்தம் 5 வருடம். கொடுத்த அளவு வேலையை முடித்தால் ஆணுக்கு ஒரு ஷில்லிங் கூலி, அன்றைய மதிப்பில் 12 அணா. பெண்ணுக்கு 9 பென்ஸ், அதாவது 9 அணா. வேலை முடியவில்லை என்றால் முழுக் கூலி கிடையாது. வேலைக்கு வராவிட்டால் வழக்கு, அபராதம், சிறை. 10 வருடம் இருந்தால்தான் ஊர் திரும்ப இலவசக் கப்பல்.

100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் எடுத்தார்கள். 'லைன்' வீடுகளில் நெருக்கியடித்துத் தங்கவைத்தார்கள். பெண்கள் பட்ட கொடுமை இந்தியாவில் பெரிய கொந்தளிப்பை உண்டாக்கியது. பாரதியார் ஃபிஜி கரும்புத் தோட்டப் பெண்களுக்காகவே ஒரு பாடல் எழுதினார். 1915-ல் சி.எஃப்.ஆண்ட்ரூஸ், டபிள்யூ.டபிள்யூ.பியர்சன் நேரில் போய் விசாரித்தார்கள். 1916-ல் ஆள் அனுப்புவது முடிவுக்கு வந்தது. மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1-ம் தேதி ரத்தாகின.

அங்கேயே தங்கியவர்கள் என்ன செய்தார்கள்?

பாதிக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பூர்வகுடிகளின் நிலத்தையும் கம்பெனி நிலத்தையும் குத்தகைக்குப் பிடித்துக் கரும்பு போட்டார்கள்.

வட இந்தியர்கள் அதிகம் இருந்த இடத்தில், தெற்கிலிருந்து போனவர்கள் எல்லோரும் 'மதராசி' என்றே பார்க்கப்பட்டார்கள். 1926-ல் சாது குப்புசாமி முன்னின்று 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' தொடங்கினார். இன்றும் பள்ளிகள் நடத்தும் அமைப்பு அது. நாந்தி நகரில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் தமிழர்களின் அடையாளம். 1994-ல் அது திராவிடக் கட்டடக்கலையில் புதிதாகக் கட்டித் திறக்கப்பட்டது.

வீட்டில் பேசுவது இப்போது பெரும்பாலும் ஃபிஜி இந்திதான். ஆனால் மாரியம்மனுக்குத் தீமிதி இன்னும் நடக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால், பெங்கா தீவின் பூர்வகுடிகளும் பழுக்கக் காய்ச்சிய கல்லில் நடக்கும் வழக்கம் உள்ளவர்கள். பூர்வகுடிகளின் 'யங்கோனா' பானமும் இந்தியர் வீடுகளில் சகஜமாகிவிட்டது.

பிரச்சினை எங்கே வெடித்தது?

1946 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியர்களின் எண்ணிக்கை பூர்வகுடிகளைத் தாண்டியது. 'நம்ம மண்ணில் நாமே சிறுபான்மையா?' என்ற பயம் அவர்களுக்கு. 'ஆயுசு முழுக்க உழுதும் காலடி மண் நமக்கில்லையே' என்ற ஏக்கம் இவர்களுக்கு. இரண்டு பயமும் நியாயமானதுதான். இரண்டுக்கும் விதை போட்டது ஒரே காலனி அரசு.

1970 அக்டோபர் 10-ல் ஃபிஜி சுதந்திரம் பெற்றது. 1987-ல் இந்தியர்கள் ஆதரவோடு திமோதி பவாத்ரா என்ற பூர்வகுடித் தலைவர் பிரதமரானார். ஒரே மாதத்தில், மே 14-ம் தேதி, ராணுவ அதிகாரி சிதிவேனி ரம்புகா ஆட்சியைக் கவிழ்த்தார். லியோனிடாஸ் கப்பல் வந்த அதே தேதி!

1999-ல் மகேந்திர சவுத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். 2000 மே 19-ம் தேதி ஜார்ஜ் ஸ்பைட் தலைமையிலான ஆயுதக் கும்பல், அவரையும் எம்.பி.க்களையும் நாடாளுமன்றத்திலேயே பிணைக்கைதிகளாக்கியது. 56 நாள் அந்த நிலை நீடித்தது. 2006-லும் ஒரு ராணுவக் கவிழ்ப்பு நடந்தது.

இதற்கு நடுவில் நிலத்திலும் இடி விழுந்தது. 30 வருடக் குத்தகைகள் 1997 முதல் வரிசையாக முடிய ஆரம்பித்தன. புதுப்பிக்கப்படாத குடும்பங்கள் கரும்பை விட்டு, நகர ஓரத்துக் குடிசைகளுக்குப் போயின. வசதியும் படிப்பும் இருந்தவர்கள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா என்று கிளம்பினார்கள். 2007 கணக்கெடுப்பில் இந்தியர்களின் பங்கு 37.5 சதவீதமாகக் குறைந்திருந்தது.

இப்போது நிலைமை என்ன?

2013 அரசியல் சட்டம், எல்லாக் குடிமக்களையும் 'ஃபிஜியர்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறது. ஆனால் நாட்டின் நிலத்தில் சுமார் 87 சதவீதம் குலங்களின் பொதுச்சொத்து. அதை விற்க முடியாது, குத்தகைக்கு மட்டுமே விடலாம். மிச்சம்தான் அரசு நிலமும் தனியார் நிலமும்.

2022 இறுதியில் ரம்புகா தேர்தல் வழியாக மீண்டும் பிரதமரானார். 2023 மே 14-ம் தேதி, 1987-ல் செய்ததற்காக இந்திய வம்சாவளியினரிடம் பொது மேடையில் மன்னிப்புக் கேட்டார். அந்த வருடம்தான் கிர்மிட் நாள் அரசு விடுமுறையும் ஆனது.

நமக்கு இதில் என்ன இருக்கு?

ஒவ்வொரு கிர்மிட்டியருக்கும் ஒரு 'பாஸ்' எழுதப்பட்டது. பெயர், அப்பா பெயர், ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் அதில் இருக்கும். தலைநகர் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இந்த ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன.

அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் சொந்த ஊரைத் தேடுகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய ஊர்ப் பெயர், இன்றைய வரைபடத்தில் சட்டென்று சிக்காது. அந்த ஊர் எது என்று அடையாளம் காட்ட வேண்டுமானால், இங்கே இருக்கும் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டில் 'தாத்தாவோட அண்ணன் கரும்புச் சீமைக்குப் போனார், திரும்பவே இல்லை' என்று யாராவது சொன்னால், அந்தப் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். என்றாவது ஒருநாள் யாராவது தேடி வரலாம்.