வீரிய ஒட்டுக் கம்பு: பெற்றோர் வழி மதிப்பீட்டில் ஒரு வரலாற்றுத் திருப்பம்

இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பான எச்.பி. 1, 1965இல் லூதியானாவிலிருந்து வெளிவந்தது. அதன் தாய்வழி, அமெரிக்காவின் டிஃப்டனில் கிளென் பர்ட்டன் உருவாக்கிய டிஃப்ட் 23ஏ என்னும் ஆண்மலட்டு வழியாகும். அடுத்து வந்த எச்.பி. வரிசை ஒட்டுகள் தந்தைவழியில் வேறுபட்டனவேயன்றித் தாய்வழியில் வேறுபடவில்லை. விளைச்சலை உயர்த்தும் இணைதிறனே அன்றைய தேர்வில் முதன்மை பெற்றிருந்தது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் பெருகியபோது, வெவ்வேறு பெயர் தாங்கிய ஒட்டுகள் ஒருசேர வீழ்ந்தன. ஒட்டுகளின் எண்ணிக்கை மரபுப் பன்மைக்குச் சான்றாகாது என்பதை இது புலப்படுத்தியது. இதன்பின், நோய் செறிந்த பாத்திகளில் பெற்றோர் வழிகளைச் சோதித்தல் மதிப்பீட்டின் இன்றியமையாப் படியாயிற்று. டிஃப்ட் 23 மரபிலிருந்தே கதிர்வீச்சுச் சடுதிமாற்றத்தின் வழி இக்ரிசாட் உருவாக்கிய, நோய் எதிர்க்கும் 81ஏ இம்மாற்றத்தின் விளைவாகும். எனவே, கம்பு ஒட்டுகளின் வரலாற்றை விளைச்சல் உயர்வைக் கொண்டு மட்டும் எழுதுதல் நிறைவுடையதாகாது. தாய்வழித் தேர்வின் வரலாறும் அதனுடன் இணைதல் வேண்டும்.